லேட் தலைவர் அவர்கள் தலைமையில்

ஆனந்தராஜ் தன் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய வரைவில் செய்த முதல் தவறு, மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டது. அடுத்த தவறு, அவற்றை நடுவில் போட்டது. கடைசியாகச் செய்தது தவறு இல்லை, குற்றம் என்றார்கள். அழைப்பவர் என்ற இடத்தில் பெண்ணின் அம்மா லோகாம்பாளின் பெயரைப் போட்டிருந்தான்.

சொன்னவர்கள் செவிலிமேடு அனைத்துத் தெரு மக்கள் முன்னேற்றப் பேரவையினர். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிழற்குடை வேண்டும் என்று மனு கொடுப்பதற்காகப் பல வருஷங்களுக்கு முன்னால் ஆரம்பித்த பேரவை அது. நிழற்குடை இன்றுவரை வரவில்லை. மக்கள் வெயிலில்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த மனுவில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று நடந்த சண்டையில், பேரவை தன்னுடைய உண்மையான திறமை என்ன என்பதைக் கண்டுகொண்டது. அன்றிலிருந்து பெயர் வரிசை போடுவதையே முழுநேரத் தொண்டாக ஏற்றது. வரிசை போட ஒரு காகிதம் வேண்டும். செவிலிமேட்டில் ஓயாமல் அச்சாகும் காகிதம் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான்.

பேரவை அலுவலகம் கல்யாணக் கூடத்தின் மாடியில் இருந்தது. கூடம் ஊர் மக்கள் வசூல் போட்டுக் கட்டியது. அதனால் சாவி பேரவையிடம் இருந்தது. 'பத்திரிகை ஒழுங்குக் குழு' பார்த்து, திருத்தி, ரப்பர் முத்திரை குத்திய பத்திரிகையைக் காட்டினால்தான் சாவி கைக்கு வரும். முத்திரை இல்லாமல் வேறு எங்கோ கல்யாணம் செய்துகொண்டவர்களும் ஊரில் உண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கின்றன. பேரவை மட்டும் அவர்களை இன்னும் கல்யாணம் ஆகாதவர்களாகவே கருதி வருகிறது.

ஆனந்தராஜ் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தான். வரிசையாக வரும் கார்களுக்கு வலப்பக்கக் கதவு மாட்டுவது அவன் பொறுப்பு. இடப்பக்கம் வேறொருவர். இதில் யார் முன்னிலை என்ற கேள்வி அங்கே எழுந்ததே இல்லை. அந்த வெகுளித்தனத்தோடுதான் அவன் அப்பா தனசேகரனையும் அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

உள்ளே தலைவர் கோதண்டபாணி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பொதுச் செயலாளர் வரதராஜன் பக்கத்தில், கையில் சிவப்புப் பேனாவோடு. நாற்காலிகள் காலியாக இருந்தும் தனசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா தம்பி இது, பத்திரிகையா ஆதார் கார்டா?" என்றார் வரதராஜன். "உன் பேரும் அந்தப் பொண்ணு பேரும்தான் இருக்குது?"

"கல்யாணம் எங்களுக்குத்தானேண்ணா?"

அறையில் இருந்த நிர்வாகிகள் எல்லாரும் ஒருசேரச் சிரித்தார்கள். தனசேகரன் மகனின் முழங்கையைக் கிள்ளினார்.

"கல்யாணம் உனக்குத்தான்பா. யாரு இல்லன்னது?" என்று வரதராஜன் பொறுமையாக விளக்கினார். "கல்யாணம் பண்ணிக்கிறவன் யாருன்னு அவனுக்கே தெரியும், அவன் சொந்தக்காரனுக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயத்தை எதுக்கு அச்சடிக்கணும்? பேரவையோட துணைப் பொருளாளர் யாருன்னு ரோட்ல போறவனைக் கேளு, தெரியாது. ஏன் தெரியல? துணைப் பொருளாளர் ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாதவனை ஜனங்க எப்புடித் தெரிஞ்சிக்கிறது? இந்த மாதிரி பத்திரிகைல பாத்துத்தானே?"

துணைப் பொருளாளர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு வரிசை தொடங்கியது. தலைமை ஒருவர்தான், கோதண்டபாணி. முன்னிலைக்குத்தான் கூட்டம். எல்லாருமே முன்னிலை வகிக்க விரும்பியதால், முன்னிலையிலேயே யார் முன்னால் என்ற பிரச்சினை வந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு படி இறங்கப் போனார். அவரை 'முதன்மை முன்னிலை' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கித் திரும்ப உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்ததும் இன்னும் மூன்று பேர் எழுந்து படிப்பக்கம் நடந்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்பு வாழ்த்துரை, நன்றியுரை, நன்றியுரைக்குப் பதிலுரை என்று சிவப்புப் பேனா கீழே இறங்கிக்கொண்டே போனது. காகிதத்தின் அடியில், 'இதர நிகழ்ச்சிகள்' என்ற தலைப்பில், நேரம் இருந்தால் தாலி கட்டுதல் என்று எழுதினார் வரதராஜன்.

"இப்ப அழைப்புக்கு வருவோம்," என்று கோதண்டபாணி முதல் முறையாக வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணோட அப்பா பேரு?"

"முனிரத்தினம், தலைவரே. அவரு தீபிகா மூணாவது படிக்கும்போதே தவறிட்டாரு. அப்புறம் அவங்கம்மாதான் தாமல் ஏரி மீனை வண்டில வெச்சி வித்து, அதைப் படிக்க வெச்சி..."

"சரி. லேட் முனிரத்தினம். அவரு அழைக்கட்டும்."

"அவரு இல்லையே தலைவரே?"

"அதுக்குத்தான் லேட்டுன்னு போடறோம்."

ஆனந்தராஜ் அப்பாவைப் பார்த்தான். அப்பா சுவரில் மாட்டியிருந்த கோதண்டபாணியின் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, பொம்பளைங்களை மதிக்கிறதுல இந்தப் பேரவையை அடிச்சிக்க ஆள் கிடையாது," என்றார் கோதண்டபாணி. "எங்க மகளிர் அணித் தலைவி யாரு? கங்கையம்மாள், என் சம்சாரம். பதவி குடுத்ததுலேர்ந்து ஒரு நாளாவது அவங்களுக்குச் சிரமம் குடுத்திருப்பேனா? கூட்டத்துக்கு நானே போறேன். கையெழுத்தும் நானே போட்டுடறேன். மகளிர் தினத்துல மகளிரின் கஷ்டம்னு ஒரு மணி நேரம் நானே பேசினேன். எவன் இப்புடி மதிப்பான்? ஆனா புருஷன் போனவ பேரு அழைப்புல வந்தா மங்களம் கெட்டுடும்பா. விதி அப்புடி. அந்த விதியை நான் எழுதல. எழுதினது நான்தான், ஆனா மனசே இல்லாமதான் எழுதினேன்."

தீபிகா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்தாள். போன் முன்னால் நின்று, ஊர் ஊராக உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நேரலையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. ஆனந்தராஜ் போனபோது அவள் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லி முடித்ததும் கேட்டாள். "எங்கப்பா அழைக்கிறாரா? எங்கேர்ந்து?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, தீபி."

"மழைல வண்டி தள்ளிக்கினு போனது ஃபார்மாலிட்டியா? எங்கப்பா மேல எனக்கு ஒண்ணும் இல்லபா. பாவம், அவரைச் செத்தப்புறமும் வேலை வாங்கறீங்க. உயிரோட இருக்கிற எங்கம்மா அழைச்சா இன்னா, வர்றவங்களுக்குச் சோறு எறங்காதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாக் கேட்டுக்கோ. அழைப்புல எங்கம்மா பேரு இல்லன்னா, கல்யாணத்துல நானும் இல்ல."

போனில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நொடியே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வணக்கம் மேடம், முந்தானை பாருங்க, கையால எடுத்த வேலை..."

ஆனந்தராஜ் திரும்பவும் மாடிப்படி ஏறினான். பேரவை பெருந்தன்மையானது, சமரசத்துக்கு எப்போதும் தயார். லோகாம்பாளின் பெயரை 'திருமதி லேட் முனிரத்தினம்' என்று போடலாம் என்றார்கள். அப்படிப் போட்டால் அந்த அம்மாவும் செத்துவிட்ட மாதிரி ஆகாதா என்று கேட்டான். "அதனாலதானே போடலாம்ன்றோம்," என்றார் வரதராஜன். அதை அவன் ஒத்துக்கொள்ளாததால், உறையின் உள்பக்கம், பசை தடவுகிற இடத்தில் அவள் பெயரை அச்சடிக்கலாம் என்று துணைப் பொருளாளர் ஒரு யோசனை சொன்னார். "ஒட்டினா தெரியாது. மங்களத்துக்கும் ஒண்ணும் ஆகாது. அந்தம்மாவுக்கும் திருப்தி." பேரவையில் சேர்ந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் யோசனை அது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தனசேகரன் வீட்டில் மகனிடம் கெஞ்சினார். "பேஜார் பண்ணாதடா. சொந்தக்காரன் பூரா அந்தக் கூடத்துலதான் கல்யாணம் பண்ணான். மொதல்ல சாவியை வாங்குவோம். பொண்ணு கைல அப்பால பேசிக்கலாம்."

அப்பால பேசிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு ஆனந்தராஜுக்கும் பிடித்திருந்தது. பயந்தவனுக்கு அதைவிட வசதியான சொல் தமிழில் இல்லை. தீபிகாவிடம், "பேசிக்கினு இருக்கேன், முடிஞ்சிரும்," என்றான். பேரவையிடம் சரி என்றான். அச்சுக்குக் கொடுத்தான்.

அச்சகம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே கணினியில் வடிவம் போடுகிறவன் பெயர் குமாரவேல். பேரவையின் வரிசையைப் பார்த்துவிட்டு, "பாஸ், இது பத்திரிகையே இல்ல, புடவை," என்றான். "முந்தானைல தலைவரு. உடம்பு பூரா நிர்வாகிங்க புட்டா. நீங்க ரெண்டு பேரும் கரையில ஓரமா வர்றீங்க."

"எங்க போட்டோ?"

"மடிப்புல போவுது பாஸ். மடிச்சா உங்க மூக்கும் மேடம் மூக்கும் ஒட்டிக்கும். செமயா இருக்கும்."

இப்படி எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் காலை ஆனந்தராஜ் கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு போய்க்கொண்டிருந்தபோது குமாரவேலிடமிருந்து தகவல் வந்தது. எல்லாருக்கும் நேரம் போட்டிருக்கிறது, தலைவர் பேருக்கு எதிரில் மட்டும் காலியாக இருக்கிறது, என்ன போடுவது என்று கேட்டிருந்தான். கோதண்டபாணி எந்தக் கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. தாமதம் அவருக்கு ஒரு பட்டம் மாதிரி. அவர் வரும்வரை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு தோள் வலித்துப்போன மாப்பிள்ளைகள் செவிலிமேட்டில் பல பேர். பஸ் இரைச்சலில் ஆனந்தராஜ் வாயருகே போனை வைத்துப் பேசி அனுப்பினான்.

"கோதண்டபாணி லேட்டுபா. அவரு பேருக்கு லேட்டுன்னே போட்டுக்கோ, எவன் கேக்கப் போறான்."

ஆவணி முகூர்த்தம் நெருங்கிய சமயம் அது. குமாரவேல் யோசிக்கிற மாசம் இல்லை. சொன்னதை அப்படியே போட்டான்.

திருத்தப் பிரதி ஒழுங்குக் குழுவுக்கு வந்தது. குழுவினர் எல்லாரும் அதைக் கூர்ந்து பார்த்தார்கள். அவரவர் பெயரை அவரவர் பார்த்தார்கள். கோதண்டபாணி தன் படத்தை மட்டும் பார்த்தார். படத்தில் அவர் உயிரோடுதான் இருந்தார். வரதராஜன் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு முத்திரையை மையில் தொட்டு, அழுத்திக் குத்தினார்.

பேரவையின் விதிப்படி, பத்திரிகை ஊருக்குப் போவதற்கு முன்னால் அதற்கு ஒரு வெளியீட்டு விழா நடக்கவேண்டும். கூடத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, வந்தவர்களுக்கு கேசரி கொடுத்தார்கள். ஆனந்தராஜுக்கு மேடையில் இடம் இல்லை. கேசரித் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வரதராஜன் முதல் பிரதியைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே போனார். ஒரு முனையைத் துணைப் பொருளாளர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தலைமை," என்று வரதராஜன் வாசித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "தலைமை, லேட் கோதண்டபாணி அவர்கள்."

மேடை நடுவில் சால்வையோடு உட்கார்ந்திருந்த கோதண்டபாணி நிமிர்ந்தார். "இன்னாய்யா படிச்ச?"

"அச்சுல இருக்கிறதைத்தான் தலைவரே." வரதராஜன் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். "முத்திரை குத்திய பத்திரிகையில் உள்ளது உள்ளபடி, அதை எவரும் மாற்றவோ மறுக்கவோ கூடாது. இது பேரவை விதி. இந்த விதியைக் கொண்டு வந்தவர் யார்?" அவர் குரல் தழுதழுத்தது. "மறைந்த நம் தலைவர்தான். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய, அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாரும் எழுந்தார்கள். கோதண்டபாணியும் எழுந்து நின்று தலை குனிந்தார். பல வருஷப் பொதுவாழ்க்கையில் அஞ்சலி என்றால் தானாக எழுந்து பழகிய கால்கள். பாதியில்தான் அவருக்கு உறைத்தது. தடால் என்று உட்கார்ந்தார்.

"அஞ்சலி நேரத்துல உக்கார்றாரு பாரு," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். "கொஞ்சம்கூட மரியாதை இல்ல."

"யோவ் வரதராஜு! நான் உயிரோட இருக்கிறேன்யா!"

"அது உங்க தனிப்பட்ட கருத்து தலைவரே. நான் மதிக்கிறேன். ஆனா பேரவைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அன்று சாயங்காலத்துக்குள் வரதராஜன் பொறுப்புத் தலைவர் ஆகிவிட்டார். மறுநாள், நிழற்குடை வராத பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிப் பலகை வந்துவிட்டது. ஓரமாகக் கோதண்டபாணி, நடுவில், அவரைவிட மூன்று மடங்கு பெரிதாக, கண்ணீர் மல்கக் கைகூப்பும் வரதராஜன். கோதண்டபாணி பஸ்ஸுக்கு நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கொதித்துப்போய் மாடிப்படி ஏறினார்.

"என் சாவுக்கே என் படம் சின்னதாய்யா?"

செத்துப்போனதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. அளவைப் பற்றித்தான் பேசினார். விவாதம் முற்றி, அவர் படத்தைக் கூடத்தில் திறந்து வைப்பது என்றும், அந்தப் படத்திறப்பு விழாவுக்கு லேட் கோதண்டபாணி அவர்களே தலைமை தாங்குவது என்றும் முடிவானது. அவர் சமாதானமாகி டீ குடித்தார். இறந்தபின் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

இந்தக் களேபரத்தில் ஆனந்தராஜுக்கு ஒரு வழி தெரிந்தது. "தப்பு என்னுதுதாண்ணா," என்று வரதராஜனிடம் போய் நின்றான். "நான் சொன்னது வேற, அவன் போட்டது வேற. என் செலவுலயே வேற அச்சடிச்சிக்கிறேன். அப்புடியே அழைப்புல லோகாம்பா அம்மா பேரையும்..."

"வேற அச்சடிக்கிறதா? இரங்கல் தீர்மானம் போட்டாச்சுபா. இப்ப அவரைத் திரும்பக் கொண்டாந்தா பேரவைக்கு இன்னா மரியாதை?"

அப்போதுதான் படியில் யாரோ திடுதிடுவென்று ஏறிவரும் சத்தம் கேட்டது. கோதண்டபாணியின் மனைவி கங்கையம்மாள். மகளிர் அணித் தலைவியாகிப் பல வருஷம் ஆன பிறகு, பேரவை அலுவலகத்துக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. கையில் அடுத்த வாரக் கல்யாணம் ஒன்றின் பத்திரிகை இருந்தது.

"எங்கய்யா என் பேரு?"

வரதராஜன் எழுந்து கும்பிட்டார். "அண்ணி, மனசைத் தேத்திக்குங்க. தலைவர் போயிட்டதால, விதிப்படி உங்க பேரை..."

"அவரு செத்தாரா இருக்கிறாரான்றது உங்க பேரவை சமாச்சாரம். அதுல நான் தலையிடல." கங்கையம்மாள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏதோ பேருன்னு ஒண்ணு அச்சுல வந்துக்கினு இருந்திச்சு. அதை எவன் எடுத்தது? இப்பவே சொல்றீங்களா, இல்ல மகளிர் அணியைக் கூட்டியாந்து படில உக்கார வெக்கட்டுமா?"

மகளிர் அணி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. அறை வெலவெலத்துப் போனது. உடனே அவசரக் கூட்டம் கூட்டி, கணவரை இழந்த பெண்களின் பெயரையும் இனிப் பத்திரிகையில் போடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். லேட் கோதண்டபாணி அதை வழிமொழிந்தார்.

ஆனந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப தீபிகாவோட அம்மா பேரும் போடலாம்தானேண்ணா?"

வரதராஜன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அவங்க புருஷன் நெஜமாவே செத்துட்டாரு தம்பி. அது வேற கேஸ்."

சாவியைக் கையில் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

பெண் வீட்டாருக்கு உரிய பத்திரிகைக் கட்டைத் தாமலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. தனசேகரன் வழக்கப்படி ஒரு பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, உறைமேல் 'திருமதி லோகாம்பாள், தாமல்' என்று எழுதி, தட்டில் பழத்தோடு வைத்து மகனிடம் கொடுத்தார். ஆனந்தராஜும் வழியெல்லாம் எதையும் யோசிக்காமல் கொண்டுபோனான்.

லோகாம்பாள் வாசல் குழாயடியில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகனாக வரப்போகிறவனைக் கண்டதும் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். உறையைப் பிரித்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பத்திரிகையின் முந்தானையில் கோதண்டபாணி சிரித்தார். அடுத்த மடிப்பில் முன்னிலை. அதற்கடுத்து முதன்மை முன்னிலை. ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, மீசை மீசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி மடிப்பு வரைக்கும் போய்விட்டு நிமிர்ந்தாள். கேலி செய்கிற முகம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"யாருக்குப்பா கல்யாணம்?"

வார விடுமுறைக்கு வீட்டில் இருந்த தீபிகா வெளியே வந்தாள். அம்மா கையிலிருந்த உறையை வாங்கி, அதன்மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை.

"உங்க ஊர்ல பொண்ணோட அம்மாவைப் பத்திரிகை வெச்சித்தான் கூப்புடுவீங்களா?"

ஆனந்தராஜுக்கு அப்போதுதான் தான் செய்துகொண்டிருக்கும் காரியம் விளங்கியது. பெண்ணைப் பெற்றவளை, அவள் பெண்ணின் கல்யாணத்துக்கு, குடும்பத்தோடு வந்து வாழ்த்திவிட்டுப் போகும்படி அழைக்க வந்திருக்கிறான்.

"இல்ல தீபி, முத்திரை இல்லன்னா சாவி குடுக்க மாட்டேன்னாங்க..."

"சாவி கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

"அப்ப அதையே கட்டிக்கோ."

அவள் உள்ளே போய்விட்டாள். லோகாம்பாள் பத்திரிகையைப் பழைய மடிப்பு மாறாமல் மடிக்கப் பார்த்தாள், அது மடியவில்லை. "அவ கெடக்கிறா. பேரு போடாங்காட்டி இன்னாப்பா, நான் இல்லாமயா பூடுவேன்?" என்று அவனுக்குச் சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவனைத் திட்டியிருந்தால்கூட வீட்டுக்குப் போயிருப்பான்.

அங்கிருந்து நேராகப் பேரவைக்குப் போனான். சாவியை மேஜைமேல் வைத்தான்.

"கூடம் வேணாம்ணா. பத்திரிகையும் வேணாம். தாமல்ல பொண்ணு வீட்டு வாசல்லயே பந்தல் போட்டுக்கறோம்."

வரதராஜன் அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "யாரு தலைமை?"

"யாரும் இல்ல."

"தலைமை இல்லாம எப்புடிப்பா ஆரம்பிப்பீங்க?"

ஆனந்தராஜ் கொஞ்சம் யோசித்தான். "பசிக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிருவோம்ணா."

தனசேகரன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் நாஷ்டாவுக்கு மட்டும் எழுந்து, ஊருக்கெல்லாம் எப்படிடா சொல்லப்போகிறாய் என்று தோசையைப் பார்த்துக் கேட்டார். அது நியாயமான கேள்விதான். முகூர்த்த மாசத்தில் எந்த அச்சகத்திலும் இடம் இல்லை. ஆனந்தராஜ் தாமலுக்குப் போய், வாசலிலேயே நின்று, தீபிகாவிடம் அந்தக் கேள்வியை அப்படியே ஒப்பித்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லோகாம்பாள்தான் கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இதுக்கு இன்னாத்துக்குப்பா மூஞ்சைத் தூக்கிக்கினு நிக்கிறீங்க? நான் தெனமும் உங்க ஊர்லயும் தெருத் தெருவாத்தானே போறேன். சொல்லிட்டு வந்துர்றேன்."

"அவ்ளோ தெருவும் கத்துனா தொண்டை போயிரும்மா," என்றான் ஆனந்தராஜ். மொபெட்டின் முன்பக்கம், மீன் விற்பதற்காக அவள் கட்டியிருந்த சிறிய ஒலிபெருக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்தான். "இதுல ஒரு தடவை பேசுங்க. பதிவு பண்ணிரலாம். அழைக்கிறது நீங்கதான்."

தீபிகா கதவை விட்டாள். அவன் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டினாள். அவனோடு பேசவில்லை. ஆனால் அவனுக்கும் சேர்த்து டீ வந்தது.

மறுநாள் காலை செவிலிமேட்டில் மீன் வண்டி நுழைந்தது. ஆனந்தராஜ் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே சைக்கிளில் போனான். தீபிகா அம்மாவுக்குப் பின்னால் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, எக்கா, எல்லாரும் கேட்டுக்கோங்க. வர்ற ஞாயித்துக்கெழமை காலைல எம் பொண்ணு தீபிகாவுக்கும், உங்க ஊரு தனசேகரன் பையன் ஆனந்தராசுக்கும் கல்யாணம். தாமல்ல எங்கூட்டு வாசல்ல. நான் கூப்புடறேன், வூட்டைப் பூட்டிக்கினு எல்லாரும் வந்துருங்கோ. கொழம்பு நானே வெக்கிறேன்."

ஒலிபெருக்கிக்கு ஓய்வு கிடையாது; முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. பேரவை மாடியில் ஜன்னல்கள் திறந்தன. முதன்மை முன்னிலை ஒருவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். வண்டி வேகமாகப் போகவில்லை என்றாலும் அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. "எம்மா! இதுல எங்க பேரு எங்க வருது?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"பேரெல்லாம் இல்ல சாமி," என்றாள் லோகாம்பாள் திரும்பாமலே. "பந்தில உக்கார்ற எடம் இருக்குது."

மேலே வரதராஜன் அவசரமாக ஒழுங்குக் குழுவைக் கூட்டினார். ஒலிக்கு முத்திரை குத்துவது எப்படி என்று விவாதம் நடந்தது. ஒலிபெருக்கிமேல் குத்தலாம் என்று துணைப் பொருளாளர் தன் இரண்டாவது யோசனையைச் சொன்னார். முத்திரையோடு ஆளை அனுப்பினார்கள். அதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. லேட் கோதண்டபாணி மட்டும் ஜன்னலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். என்ன குழம்பு என்று அவள் சொல்லவில்லையே என்பதுதான் அவர் கவலையாக இருந்தது.

அடுத்த தெருமுனையில்தான் தீபிகாவுக்குத் திடீரென்று உறைத்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ம்மா! நிறுத்து, நிறுத்து! உன் பேரைச் சொல்லவே இல்லியே! இத்தினி ரகளையும் எதுக்கு? லோகாம்பாள்னு சொல்லணும்னு தலைப்பாடா அடிச்சிக்கினேனே!"

ஆனந்தராஜ் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான்.

லோகாம்பாள் வண்டியை ஓரம் கட்டினாள். யோசித்தாள். "ஆமாண்டி. சொல்லல." பிறகு சிரித்துவிட்டாள். "கூப்புடறவளுக்கு இன்னாத்துக்குடி பேரு? வாயி இருந்தா பத்தாது?"

தீபிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூன்று வீட்டுக் கதவுகள் திறந்து, பெண்கள் பாத்திரத்தோடு வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் வீட்டுக் கல்யாணம், யார் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"லோகாம்மா, ஞாயித்துக்கெழமை எத்தினி மணிக்கு?" என்றாள் முதலில் வந்தவள், கூடைக்குள் கையை விட்டு ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "இது இன்னிக்குப் பிடிச்சதுதானே?"